எந்த மாசத்துச் சராசரி?

கடல் அலையில் மின்சாரம் எடுக்கிற எங்கள் மிதவையைப் பற்றிய ஸ்லைடில் உச்ச மின்திறனை எடுத்துவிட்டுச் சராசரியைப் போட்டது நான்தான். போட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நிதிக்கான ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் புராஜெக்ட்டை நடத்தும் சார் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் மனசுக்குள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் மிதவைக்குள் ஒரு காற்றறை. அலை ஏறும்போது உள்ளே தண்ணீர் ஏறிக் காற்றை மேலே தள்ளும், இறங்கும்போது உறிஞ்சும். காற்று எந்தப் பக்கம் போனாலும் வெல்ஸ் டர்பைன் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். கேட்க அழகு. லேப்டாப்பில் மின்திறன் கோட்டைப் பார்த்தால் வேறு கதை. எட்டு விநாடி அலை ஒன்றில் காற்று இரண்டு முறை நின்று திரும்புகிறது. இரண்டு முறையும் கோடு பூஜ்யத்துக்கு வந்து விழுகிறது. எப்போதாவது பெரிய அலை ஒன்று வந்தால் ஒரு முள் மட்டும் எகிறும். அந்த முள்ளின் நுனிதான் ஸ்லைடில் இருந்த எண். சராசரி அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

“ஏம்மா, இதைப் போட்டா ‘சோலார் பேனலே போதுமே’ன்னு கிளம்பிடுவாங்க” என்றார் சார்.

“பேட்டரியை நிரப்புறது சராசரிதானே சார்?”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாமல், “சரி, எந்த மாசத்துச் சராசரி?” என்றார்.

வாடைக்காற்று அடிக்கிற நாளில் மிதவையைப் படகில் கட்டி இழுத்துப் போய் நங்கூரம் போட முடியாது. மாசி, பங்குனியில் கடல் அடங்கினால்தான் படகுக்காரர் வருவார். அலையின் உயரம் பாதியானால் திறன் காலாகிவிடும், உயரத்தின் வர்க்கத்தோடு போகிற கணக்கு அது. ஆக, நாங்கள் அளந்ததெல்லாம் வருஷத்திலேயே சோம்பலான கடலை. மாதங்களை ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். சின்ன எழுத்தை ரிவ்யூவில் யார் படிக்கிறார்கள்? அது தெரிந்துதானே உச்ச எண்ணையும் நான் எதிர்த்தேன்.

சார் பொய் சொல்லச் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் போடுகிற எண்ணைத்தான் போடச் சொன்னார். கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991-ல் ஐஐடி மெட்ராஸ்காரர்கள் ஓடவிட்ட அலை மின்நிலையத்தை எல்லாரும் ‘150 கிலோவாட்’ என்றுதான் சொல்கிறோம். அது டர்பைன் அதிகபட்சமாகத் தரக்கூடிய திறன். கடல் அடங்கிய மாதங்களில் கிடைத்தது அதைவிட எவ்வளவோ குறைவு. “அந்த 150-ஐச் சொல்லலைன்னா இந்த ஊர்ல அலையை யாரு திரும்பிப் பாத்திருப்பா?” என்பது அவர் கட்சி. என் கட்சிக்கு பெலாமிஸ் என்ற ஸ்காட்லாந்து அலைமின் நிறுவனம். 2008-ல் போர்ச்சுகல் கடலில் 750 கிலோவாட் வீதம் மூன்று இயந்திரங்களை இறக்கினார்கள். சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்து வந்தார்கள். 2014-ல் அந்த நிறுவனமே நொடித்துப்போனது. பெரிய எண்ணைச் சொல்லிவிட்டுச் சறுக்கினால் அடுத்து வருகிறவனுக்கும் கதவு அடைபடும் என்று அன்றைக்கு வாதாடினேன். அவர்களைக் கவிழ்த்தது அந்த எண்ணா, பேரிங்குகளில் வந்த கோளாறா, 2008-ன் பண நெருக்கடியா என்று இப்போது யோசித்தால் என் உதாரணமே எனக்குச் சரியாக உட்காரவில்லை.

எங்களுக்கு இரண்டாம் கட்ட நிதி வரவில்லை. ஸ்லைடால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மிதவையில் ஒட்டுகிற பாசியும் கொட்டலசும் சுரண்டிச் சுரண்டி விரல் தேய்ந்த புராஜெக்ட் அசிஸ்டெண்ட் பையனுக்கு மட்டும் ஒப்பந்தம் நீளவில்லை. உச்சத்தைப் போட்டிருந்தால் நீண்டிருக்குமோ? நீண்டிருந்தாலும் அடுத்த வருஷம் எந்த முகத்தோடு பேட்டரி அளவைக் காட்டியிருப்போம்? இந்த இரண்டு கேள்வியும் எனக்குள் மாறி மாறி வந்துபோகின்றன.

2022 நவம்பரில் தூத்துக்குடியிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் ஐஐடி மெட்ராஸ் ‘சிந்துஜா-1’ என்ற அலைமின் கருவியை இறக்கியது. 100 வாட் என்று கூச்சமில்லாமல் அறிவித்தார்கள். படித்ததும் எனக்கு ஏக சந்தோஷம். அதே செய்தியில், மூன்று ஆண்டுகளில் 1 மெகாவாட் இலக்கு என்றும் இருந்தது. சார் படித்திருந்தால், முதல் எண் உனக்கு, ரெண்டாவது எனக்கு என்றிருப்பார்.