மஞ்சள் வெளுத்த அன்று

போலந்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே வேலை. பன்றிச் சினைப்பையில் முட்டை வளரும் நீர்ப்பைகளான நுண்ணறைகளின் உள்பக்கம் இருக்கும் கிரானுலோசா செல்களைப் பிரித்து வளர்க்க வேண்டும், நுண்ணறையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் கொடுத்தால் அவை ஈஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனை எவ்வளவு சுரக்கின்றன என்று அளக்க வேண்டும். நான்கு மாதம் உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

காலை ஐந்தரைக்கே இறைச்சிக்கூட வாசலில் நிற்பேன். வெளியே மைனஸ் பத்து. ஆன்டிபயாட்டிக் கலந்த வெதுவெதுப்பான சலைனில் சினைப்பைகளைப் போட்டு, ஃபிளாஸ்க்கை ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு டிராம் ஏறுவேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் சூப் என்று நினைத்திருப்பார்கள்.

பன்றிச் சினைப்பை சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். முட்டை வெளியேறிய பின் நுண்ணறை மாறி உண்டாகும், சிவந்து தடித்த கார்பஸ் லூட்டியம் இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவில் கண்ணாடிபோலத் தெளிந்த நுண்ணறைகளை மட்டும் எடுப்பேன். 18 கேஜ் ஊசியைப் பக்கவாட்டில் நுழைத்து, சிரிஞ்சை மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தமும் சுவரில் இருக்கும் தீக்கா செல்களும் சேர்ந்து வந்துவிடும். கழுவி, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் புளூ சாயம் போட்டு எண்ணினால் சில நாள் பாதி செல் நீலமாகச் செத்துக் கிடக்கும். அதற்கெல்லாம் அழுதால் இந்த வேலை ஆகாது.

10 சதவீத சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) சேர்த்த வளர்ப்பு மீடியத்தில் இரண்டே நாளில் செல்கள் அழகாகப் பரவின. உள்ளே கொழுப்புத் துளிகள் வேறு. படம் எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பினேன். ஹார்மோனை நிறத்தால் அளக்கும் எலைசா தட்டும் ஈஸ்ட்ரடையாலுக்கு நல்ல மஞ்சளாக வந்தது. துள்ளிக் குதித்த பிறகுதான் கிட் தாளைப் படித்தேன். அது போட்டி முறை எலைசா: ஹார்மோன் எவ்வளவு அதிகமோ, நிறம் அவ்வளவு வெளிரும். எனக்கு வந்த மஞ்சள், பூஜ்யத்தின் மஞ்சள். கார்பஸ் லூட்டியம் சுரக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனோ ஏறிக்கொண்டே போனது.

எஃப்.எஸ்.எச். கெட்டுவிட்டது என்று புதுக் குப்பி வாங்கினேன். பலனில்லை. பிறகு ஃபோர்ஸ்கோலின் போட்டேன். அது எஃப்.எஸ்.எச்.சைப் பிடிக்கும் ஏற்பியைத் தொடாமல், அதன் சேதியை உள்ளே கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி.யை நேராகச் செல்லுக்குள் கூட்டும். அதற்கும் ஈஸ்ட்ரடையால் வரவில்லை. சரி, குப்பி மேல் குற்றமில்லை.

எருமைச் சினைப்பையில் வேலை பார்த்த சீனியர் அக்காவுக்கு ஒரு ராத்திரி போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆண்ட்ரோஜன் போட்டியாடா?" என்றார்.

போடவில்லை. கிரானுலோசா செல்லால் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைத் தானே தயாரிக்க முடியாது, அதற்கான நொதி அதனிடம் இல்லை. சினைப்பைக்குள் எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் சொல்லி தீக்கா செல் ஆண்ட்ரோஜன் செய்து கொடுக்கும். எஃப்.எஸ்.எச். சொல்லி கிரானுலோசா அதை அரோமடேஸ் நொதியால் ஈஸ்ட்ரடையாலாக மாற்றும். தீக்கா கலக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஊசி போட்ட நான், அரிசி போடாமல் சோறு வேகக் காத்திருந்திருக்கிறேன். எம்.எஸ்சி.யில் இந்தப் படத்தைப் பத்து மார்க்குக்கு வரைந்தவள் நான்!

"சீரத்தையும் எடுத்துடு. அதுல செல் கார்பஸ் லூட்டியத்துல இருக்கிற லூட்டியல் செல்லா மாறிடும். நீ போட்டோ அனுப்பினியே, அதுதான்" என்றார் அக்கா.

சீரத்தை நிறுத்தி, அதற்குப் பதில் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் சேர்த்தேன். கூடவே ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஆண்ட்ரோஜன், 100 நானோமோலார். செல்கள் முன்போலப் பரவாமல் கொத்துக் கொத்தாக உருண்டு நின்றன, படம் எடுக்கவே மனம் வராது. 48 மணி நேரம் கழித்து மீடியத்தை எடுத்து எலைசா போட்டேன். ஆசிட் விட்டதும் எஃப்.எஸ்.எச். போடாத கன்ட்ரோல் குழிகள் மஞ்சளாயின. எஃப்.எஸ்.எச். போட்ட வரிசை மட்டும் ஏறக்குறைய தண்ணீர் நிறம்.

பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து, "இந்த முறையும் வரவில்லையா?" என்று பாவமாகக் கேட்டான். பதில் சொல்லாமல் கிட் தாளை அவன் பக்கம் தள்ளினேன்.