உன் வாசலுக்குத் தன் காலால்

உகந்தை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், பாணமையைத் தாண்டிக் கிரவல் வீதியில் சில கட்டை தூரம் நடந்த பிறகு, என் மகன் ஒரு பாலை மரத்தின் கீழ் உட்கார்ந்து இடது காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எங்களோடு வந்த சாமிமார் அரோகராச் சொல்லியபடி கடந்து போனார்கள். முழங்காலுக்குக் கீழே எஞ்சியிருக்கும் பகுதியில் போட்டிருந்த பருத்தி உறை வியர்வையில் நனைந்து, ஓரிடத்தில் இரத்தமும் கசிந்திருந்தது. "மனே, போதும். பின்னால வாற வாகனத்தில ஏறு" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "அம்மா நேர்ந்தது என்ட காலுக்குத்தானே அப்பா. ஏலும், கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றான்.

நேர்த்தி என் மனைவியுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன், வைத்தியசாலை விறாந்தையில் நின்று, "உகந்தை மலை முருகா, என்ட பிள்ளை தன்ட காலால நடந்து உன்ட வாசலுக்கு வரவேணும்" என்று அவள் வாய்விட்டு அழுதாள். உள்ளே அவனுடைய இடது பாதத்தை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது, இல்லாத காலுக்கு நேர்த்தி வைக்கிறாளே என்று என் நெஞ்சு பதைத்தது. கந்தன் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தான் என்பதை நான் அன்று அறியவில்லை.

என் மகன் துப்பாக்கி ஏந்திய படைவீரன் அல்லன். மண்ணுக்குள் கிடக்கும் மிதிவெடிகளை எடுக்கும் பணியாளன். வாகரைப் பக்கத்துக் காணிகளில்தான் அந்தத் தொழிலைத் தொடங்கினான். 2017 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டபோது, கூட வேலை செய்த பலர் ஊரோடு நின்றுவிட்டார்கள். இவனும் நிற்பான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "எங்கட மண்ணில முடிஞ்சுது அப்பா. அங்க சனம் இன்னும் வளவுக்குள்ள கால் வைக்கேலாம இருக்குது" என்று சொல்லிவிட்டு வடக்கிலுள்ள முகமாலைக்குப் போனான். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் இரு தரப்பும் காவலரண் அமைத்து எதிரெதிரே நின்ற நிலம் அது. ஒரு சின்னப் பேணி அளவிலான வெடிகள் அங்கே நெருக்கமாகப் புதைந்து கிடந்தன என்றும், ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்துகொண்டு, வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துத்தான் முன்னேற வேண்டும் என்றும் அவன் சொல்லுவான். ஒரு நாள் முழுதும் வெயிலில் அப்படி இருந்தாலும், சில நாட்களில் ஒரு பாய் விரிக்கும் இடத்தைக்கூடத் தாண்ட முடியாதாம். நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். அத்தகைய பொறுமையை ஒரு மாணவனுக்கும் என்னால் ஊட்ட முடிந்ததில்லை.

இற்றுப்போன பனங்குற்றி ஒன்றின் அடியில் மறைந்து கிடந்த வெடியில்தான் அவனுடைய கால் பட்டது. அந்த நேரத்தில் நடந்ததை அவன் எனக்குச் சொல்லவில்லை. அவனோடு வேலை செய்த பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னான். அடுத்த பாதையில் இருந்த அந்தப் பிள்ளை தன்னை மறந்து எழுந்து ஓடிவர முனைந்தபோது, இரத்தம் பாயக் கிடந்த என் மகன் கையை உயர்த்தி, "வராத! நில்! பாதை பார்த்து வரட்டும்!" என்று கத்தியிருக்கிறான். சுத்தம் செய்த வழியாக முதலுதவிக்காரர் வந்து சேரும்வரை, தன் கையாலேயே தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறான், அவன் பயந்து அசைந்துவிடக் கூடாது என்பதற்காக. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை என் காலில் விழுந்தான். பெற்றவன் என்ற பெயருக்கு நான் எப்போது தகுதி பெற்றேன் என்று யாராவது கேட்டால், அந்த நாளைத்தான் சொல்லுவேன்.

யாழ்ப்பாணத்தில் அவனுக்கு ஜெய்ப்பூர் கால் பொருத்தினார்கள். 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான அந்தக் கால், செருப்பில்லாமல் நடக்கும் எங்கள் போன்ற சனத்துக்காகவே செய்யப்பட்டது; அதன் பாதம் இறப்பரால் ஆனது, மனிதப் பாதம் போலவே வளைந்து கொடுக்கும். கோயிலுக்கு வெறுங்காலுடன் போகலாம் என்று அறிந்த அன்றே, நேர்த்திக்கு நாள் பார்க்கச் சொன்னான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து முழுவதும் நடக்க அவன் விரும்பினாலும் வைத்தியர் சம்மதிக்கவில்லை. ஆகவே ஆனி மாதத்தில், காட்டுப்பாதை திறக்கும் நாட்களை ஒட்டிப் பேருந்தில் புறப்பட்டு, திருக்கோவில் சித்திரவேலாயுதர் சந்நிதியில் அருச்சனை செய்துகொண்டு, பொத்துவிலில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். அன்றிரவு பாணமையில் தங்கினோம். அங்குள்ள தமிழரும் சிங்களவரும் அடியார்களுக்குக் கஞ்சியும் தண்ணீரும் தந்த அன்பை எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை போதாது.

உகந்தையை நெருங்க நெருங்கச் சன நெருக்கம் தாங்க முடியாததாயிற்று. குமனைக் காட்டு வழியாகக் கதிர்காமம் போக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடியிருந்தார்கள். தண்ணீர்ப்பந்தல்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் குவளைகள் குவிந்து கிடந்தன. யானையும் மானும் நடக்கிற காட்டு விளிம்பில் இப்படிக் குப்பை போடுகிறவர்கள் முருகனை எங்கே தேடுகிறார்கள் என்று மனம் கசந்தது. ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று மிஞ்சின. இதைவிட வேதனையான ஒன்றும் நடந்தது. களைப்பில் வீதியோரம் காலைக் கழற்றி வைத்துவிட்டு அவன் இருந்தபோது, ஒரு வயதான அம்மா இரக்கப்பட்டு நூறு ரூபாய்த் தாளை அவன் கையில் வைத்துவிட்டார். என் முகம் எரிந்தது. நான் வாய் திறக்கும் முன்பே அவன் இரண்டு கையாலும் அதை வாங்கி, "உங்கட பேரைச் சொல்லுங்க அம்மம்மா, உண்டியலில போட்டு உங்களுக்கும் கும்பிடுறன்" என்றான். பெயரைக் கேட்டு அறிந்து, அப்படியே செய்தான்.

மாலைப் பூசைக்கு நாங்கள் உள்ளே போனபோது மூச்சுவிட இடமில்லை. இருந்து கும்பிடச் சொன்னேன், கேட்கவில்லை. பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் அவன் சாய்ந்தான். நான் தோளைப் பிடித்தேன். மணி ஒலித்தது. திரை விலகித் தீபம் எழுந்ததும், "அரோகரா" என்ற பேரொலி மண்டபத்தை நிறைத்தது. நன்றி சொல்ல எத்தனையோ சொற்களை நான் வழியெல்லாம் கோத்து வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வேலின் முன்னே தீபம் சுழன்றது. அந்த ஒளியில் என் பிள்ளை இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகா, உன்னைப் பார்க்க வந்து அவனையே பார்த்து நின்ற குற்றத்தைப் பொறுத்துக்கொள். அவனுடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. என்ன கேட்டாய் மனே என்று வெளியே வந்து கேட்டேன். முகமாலையில் இன்னும் வேலை செய்யும் தன் குழுவினரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னதாகவும், எல்லாப் பெயரும் முடியுமுன் திரை மூடிவிட்டதால் மீதியை வெளி வீதியில் நின்று சொல்லப் போவதாகவும் கூறினான். தனக்கென்று எதையும் கேட்கவில்லை. இப்போது அவன் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வாரி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அடுத்த வாரமே திரும்பிப் போகவேண்டும் என்று அவசரப்பட்டான்.

மறுநாள் விடியற்காலை, கடற்கரையில் ஓடம்போல் கிடக்கும் பாறையான கல்லோடத்தைப் பார்த்துவிட்டு, வள்ளியம்மன் மலைக்கு ஏறினோம். பாறையில் பாதம் வழுக்கியது. ஒவ்வொரு அடிக்கும் முன், எங்கே மிதிக்கலாம் என்று அவன் மண்ணைப் பார்க்கிற பார்வையைக் கண்டேன். அது அந்தத் தொழில் தந்த பார்வை. மேலே சுனையில் முகம் கழுவித் தாயைக் கும்பிட்டோம். வள்ளி மணாளா, எழுப்பித் தந்தாய், நடத்திக் கூட்டி வந்தாய், ஏற்றியும் விட்டாய் ஐயா. என் ஆயுளில் இனி உன்னிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

முழங்கால் வருத்தத்தால் மலையேற முடியாமல், என் மனைவி அடிவாரத்தில் திருநீற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தாள். அவன் இறங்கி வந்து அவள் முன்னே இருந்ததும், முதலில் நெற்றியில் பூசினாள். பிறகு முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே குனிந்து வலது பாதத்திலும், அதே கையால், அதே மெதுவாக, இடது இறப்பர் பாதத்திலும் விரல் விரலாகப் பூசினாள்.