பேட்டரி டிரில்லும் மண்டபத்து உப்புக் காத்தும்

ராமேஸ்வரம் பக்கத்துல கடலோரம் இருக்கிற எங்க மண்டபம் ஊர்க் காத்துக்குக் கொண்டி, கீல் எதுவும் தாங்க மாட்டேங்குது. துருப்பிடிச்ச ஸ்க்ரூவைத் திருகினா தலை மாவா உதிருது. ஒவ்வொரு தடவையும் ஆள் தேடி அலுத்துப்போய் நானே ஒரு பேட்டரி டிரில் வாங்கிட்டேன்.

ராமநாதபுரத்துக் கடைக்காரர் முதல்ல நீட்டுனது 12 வோல்ட். கைக்கு அடக்கமா இருந்துச்சு. மரவேலைக்கு அது போதும். "செவுத்துல ஓட்டை போடணும்ணே"ன்னதும் 18 வோல்ட், ஹேமர் (இடிச்சுக்கிட்டே துளைக்கிற வசதி) உள்ளதா எடுத்தார். பக்கத்துல 20 வோல்ட்னு ஒண்ணு. கூடுதல் சக்தின்னு நினைச்சுடாதீங்க, உள்ளே அதே 3.6 வோல்ட் செல் 5 தான். முழுசா சார்ஜ் ஏறினப்ப வர்ற கணக்கை அட்டையில போடுறாங்க.

துளைக்கிற கம்பியான பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்குப் பின்னாடி 1, 2, 3ன்னு எண் போட்ட வளையம் இருக்கே, அதுதான் கிளட்ச். ஸ்க்ரூ போதுமான அளவு இறுகினதும் மேல முடுக்காம விட்டுடும். அதைக் கவனிக்காம டிரில் குறியிலயே வச்சு அலமாரிக் கீலை முடுக்கினேன். ஸ்க்ரூ பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு. வீட்டுக்காரம்மா பாத்த பார்வை தனி! இப்ப சின்ன எண்ல ஆரம்பிச்சுத்தான் ஏத்துறேன்.

செங்கல் செவுத்துல 6 எம்.எம். பிட்டு வாழைப்பழத்துல ஊசி ஏத்துன மாதிரி போகுது. ஜன்னலுக்கு மேல லிண்டல் கான்கிரீட்ல பிட்டு சூடானதுதான் மிச்சம். அதுக்குப் பெரிய ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுத்துக்கலாம்.

வேலை முடிஞ்சதும் சக்கைத் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெட்டியில மூடிடணும். முந்தாநாள் மாமா வலைக்கொட்டகைக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். பெட்டி மட்டும் இங்கதான் இருக்கு.