தோற்ற வாக்குக்கு நீதிமன்றத்தில் இடம் உண்டா?

அமெரிக்கச் செனட்டர் ராபர்ட் பைர்ட் அரசியலமைப்புச் சட்டத்தின் சிறு பிரதியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். செலவுச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகும் அதிலுள்ள சில செலவு இனங்களை மட்டும் அதிபர் ரத்து செய்யலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1996-இல் சட்டம் இயற்றியது. எதிர்த்து வாக்களித்த அவரும் வேறு ஐவரும் நீதிமன்றம் போனார்கள். உறுப்பினர்கள் வழக்குத் தொடரலாம் என்று அந்தச் சட்டமே சொல்லியிருந்தது. ஆனாலும் 1997-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று கதவைச் சாத்தியது. அதிகார இழப்பு அவையினுடையது, உறுப்பினரின் சொந்த இழப்பு அல்ல என்பது காரணம்.

மாலை நேர வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவராவது கொதித்தெழுவார். 1939-இல் கான்சாஸ் மாநில செனட்டர்களின் வழக்கை மட்டும் ஏன் அனுமதித்தார்கள் என்பார். நியாயமான கேள்வி. அந்த மாநில செனட்டில் வாக்குகள் 20-க்கு 20 என்று சமமாக நிற்க, துணை ஆளுநர் தம் வாக்கைப் போட்டுக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொடுத்துவிட்டார். அதைத் தடுக்கப் போதுமான வாக்குகள் செல்லாக்காசாயின. பைர்டின் வாக்கோ முறையாக எண்ணப்பட்டுத் தோற்றது. இந்த வேறுபாடு எனக்கு ஏற்புடையதே. அவையில் தோற்றவரெல்லாம் நீதிமன்றத்தில் மறுவாக்கெடுப்புக் கேட்டால் அவை எதற்கு?

என் மனம் ஆறாதது வேறொன்றில். அதிபரின் அந்த அதிகாரம் செல்லாது என்று 1998-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றவர்களில் நியூயார்க் மாநகரமும் ஐடஹோ உருளைக்கிழங்கு விவசாயிகளும் இருந்தார்கள். பணம் இழந்தவர் வரும்வரை அரசியலமைப்பு காத்திருக்க வேண்டியிருந்தது. எவருக்கும் பண இழப்பில்லாத அத்துமீறல்களும் உண்டு. அவற்றுக்கு எதிராக அவையே தீர்மானம் நிறைவேற்றி வழக்குத் தொடர வழி இருக்க வேண்டும்; 2015-இல் அரிசோனா சட்டமன்றம் அப்படி வந்தபோது நீதிமன்றம் அதன் வழக்கைக் கேட்கத்தான் செய்தது.