கருமணலில் பழைய டிடெக்டர்கள்

அண்ணனும் நானும் மணவாளக்குறிச்சி கடற்கரையில் உலோகம் தேடும் பழைய மெட்டல் டிடெக்டர் இரண்டைப் போட்டுப் பார்த்தோம். காரெட் ஏஸ் 250 லேசானது, தென்னந்தோப்பு மண்ணில் அருமையாக வேலை செய்யும். ஆனால் 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண். மண்ணுக்கேற்ப மாற்றவும் வழியில்லை. இல்மனைட் என்ற இரும்பு கலந்த தாது உள்ள கருமணலில் உப்பு ஈரமும் சேர்ந்ததும் ஓயாமல் கத்தியது. மைன்லேப் சாவரின் நல்ல கனம், மெதுவாகத்தான் வீச வேண்டும். பல அதிர்வெண் என்பதால் அமைதியாக இருந்தது. ஈரமணலுக்கு அதுதான் சரி.

எனக்கு ஆசையெல்லாம் சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் காசின் மேல்தான். அன்று 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்தப் பொடி வெள்ளிக்காசுக்குச் டிடெக்டரில் சின்ன காயில் (தரைமேல் வீசும் தேடுவளையம்) போடுங்கள்.

அப்புறம், 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.