பூவரசம் இலையில் அப்பம்மாவின் முகம்

மூக்குத்தி வரை தெரிகிறது! இலைமேல் படத்தாளை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் விட்டால், படத்தின் கறுப்பு மறைத்த இடம் பச்சையாக நிற்கும், மற்ற இடம் வெளிறும். இப்படி இலையில் படம் எடுப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். தலையின் வடிவம் எப்படியும் வந்துவிடும்; கண்ணும் மூக்கும்தான் கரைந்துபோகும்.

அப்பம்மாவின் படமென்று எங்களிடம் எஞ்சியது அடையாள அட்டையில் உள்ளது மட்டும். அதை வேறு எந்த இலையிலும் பதிக்க எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு வேலியில் நின்றது பூவரசு. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதக் காட்டித் தந்தவர் அவர்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நிற்கும் ஒரு பூவரசில் இலை பறித்தேன். கொழுந்தும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம்.

லேசர் பிரிண்டின் கறுப்பு வெளிச்சத்தைக் கசியவிடும். அதனால் அதே படத்தை இரண்டு ட்ரான்ஸ்பேரன்சி (ஒளி ஊடுருவும்) தாள்களில் எடுத்து, கண்ணோடு கண் பொருந்த ஒட்டினேன். ஆனால் முகத்தைக் காப்பாற்றியது துவாய்தான். பூவரசின் நரம்புகள் அடிப்பக்கம் புடைத்திருக்கும். பலகையில் அப்படியே வைத்து அழுத்தினால் நரம்போரமெல்லாம் தாளைத் தொடாமல் இடைவெளி விழும். படம் அங்கேதான் மங்கும். மடித்த துவாயின் மேல் வைத்தால் நரம்பு அதற்குள் அமிழ்ந்துவிடும், இலை முழுவதும் தாளோடு ஒட்டி நிற்கும். கொழும்பு ஈரத்தில் கண்ணாடிக்கு அடியில் இலை வியர்க்கும். நீர் நின்ற இடம் பழுப்பாகும். அந்த நீரையும் துவாயே உறிஞ்சிக்கொள்கிறது. காம்பை மட்டும் ஈரப்பஞ்சில் சுற்றிக் கண்ணாடிக்கு வெளியே விட்டேன். இலை சுருளவே இல்லை.

வியட்நாமில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் பின் டான், போரோடு தொடர்புபட்ட முகங்களை இப்படி இலைகளில் பதித்து ரெசின் என்ற தெளிந்த பிசினில் அடைத்து வைத்தார். அவற்றைப் பார்த்துத்தான் இந்த ஆசை எனக்கு வந்தது. எங்கள் முகங்களுக்கும் எங்கள் வேலி மரங்கள் இருக்கின்றனவே.

சரி, நிறம் நிலைக்க இனித்தான் மயில்துத்தம் என்ற செம்பு உப்பின் கரைசலில் ஊறவைக்க வேண்டும். பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தின் இடத்தைச் செம்பு பிடித்துக்கொண்டால் பச்சை எளிதில் வெளிறாது. புறக்கோட்டையில் மயில்துத்தம் சின்னப் பொதியாகவே கிடைத்தது. ரெசின்தான் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. அதற்குள் அப்பப்பாவின் படத்துக்கு முள்முருக்கு இலை தேடத் தொடங்கிவிட்டேன். அது மெல்லிய இலை, வேகமாக வெளிறும் என்று நம்புகிறேன். மாசி வெயில் முடிவதற்குள் அதையும் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட வேண்டும்.