29சி-யும் வாஷிங்டன் அவார்டும்

பெரம்பூர் வீட்டு மொட்டை மாடில உக்காந்து டைப் பண்றேன், லீவுக்கு வந்து பத்து நாள் ஆச்சு. நான் அமெரிக்காவுல டிரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியரிங் பிஎச்டி, இது நாலாவது வருஷம். வாஷிங்டன்ல எனக்குக் குடுத்த ஸ்டூடண்ட் அவார்டு பத்தி நிறைய தம்பி தங்கச்சிங்க கேட்டுட்டே இருக்கீங்க, அதான்.

மொத வருஷம் ரொம்ப கஷ்டம்ங்க. கார் இல்ல, லைசென்ஸ் இல்ல, நான் இருக்கறது சின்ன ஊரு, அங்க பஸ் அரை மணிக்கு ஒண்ணு, ராத்திரி ஆனா ஒரு மணிக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை கிடையவே கிடையாது. ரோட்டுல பனி தள்ற வண்டி அவ்ளோத்தையும் பஸ் ஸ்டாப் ஓரத்துலயே குவிச்சிட்டுப் போயிடும், அந்த முழங்கால் பனிக்குள்ள பத்து கிலோ பொன்னி அரிசிப் பையோட நாப்பது நிமிஷம் நின்னிருக்கேன், விரல்ல உணர்ச்சியே இருக்காது. ஆனா அதே ஊர்ல வீல்சேர்ல ஒருத்தர் வந்தா பஸ் அப்படியே ஒரு பக்கம் தாழும், டிரைவர் சீட்ட விட்டு எழுந்து வந்து பெல்ட் மாட்டிட்டுத்தான் வண்டிய எடுப்பார், உள்ள ஒருத்தர் கூட முகம் சுளிக்க மாட்டாங்க. மொத தடவ பாத்தப்போ கண்ணு கலங்கிடுச்சு.

என்னோட ஆராய்ச்சி பஸ் ஏன் ரெண்டு ரெண்டா சேந்து வருதுங்கறது. முன்னாடி வண்டி கொஞ்சம் லேட் ஆனா ஸ்டாப்ல ஆளுங்க சேந்துடுவாங்க, அவங்க ஏற ஏற இன்னும் லேட், பின்னாடி வண்டிக்கு ஆளே இல்ல, அது ஓடி வந்து முன்னாடி வண்டிய பிடிச்சிடும். 1964-லயே நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேர் இதை கணக்கா எழுதிட்டாங்க. எங்கப்பா எம்டிசில கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் சாப்பாட்டு நேரத்துல சொன்னதும் இதேதான்.

அவார்டு விஷயம். அங்க யூனிவர்சிட்டி டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டர்னு பல காலேஜ்கள்ல இருக்கு, அரசாங்க பணத்துல ஓடுது, ஒவ்வொரு சென்டரும் வருஷத்துக்கு ஒரு ஸ்டூடண்டத் தேர்ந்தெடுக்கும். ஆராய்ச்சி மட்டும் பாக்க மாட்டாங்க, மார்க், முன்னின்னு எடுத்து செய்யறது எல்லாம் சேத்துதான். ஜனவரில வாஷிங்டன்ல டிஆர்பி (டிரான்ஸ்போர்ட்டேஷன் ரிசர்ச் போர்டு) மாநாடு நடக்கும்ல, ஆயிரக்கணக்குல ஆளுங்க, அந்த சமயத்துல குடுப்பாங்க. தீசிஸுக்குன்னு தனியா மில்டன் பிகார்ஸ்கி, சார்லி வூட்டன் பேர்லயும் விருது இருக்கு, மொதல்ல சொன்னது டெக்னிக்கல் பக்கம், ரெண்டாவது பாலிசி, பிளானிங் பக்கம். உங்க கைடுகிட்ட இப்பவே பேசி வைங்க, அவங்க பரிந்துரை ரொம்ப முக்கியம்.

என் பேர கூப்பிட்டப்போ மனசுல ஓடுனது அப்பா கட்டை விரல்தான். டிக்கெட் கிழிச்சு கிழிச்சு ஓரம் காய்ச்சுப் போன விரல்.

நேத்து அந்த சர்டிபிகேட்ட அவர் கையில குடுத்தேன், ரொம்ப நேரம் பேசல, சட்டைய மாட்டிக்கிட்டு "வா, பெசன்ட் நகர் வரைக்கும் போய்ட்டு வரலாம்"னார். 29சி பஸ் ரெண்டு சேந்தாப்ல வந்துச்சு. முன்னாடி வண்டில படிக்கட்டு வரைக்கும் ஆளு. நான் அதுல ஏறப் போனேன், தோள்ல கைய வச்சு நிறுத்திட்டார்.

"பின்னாடி வண்டில ஏறு பாப்பா, காலியா வருது."